இரண்டாவது சாவி

பழைய ஆபீஸ் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று போன மாதம் இரண்டு பேர் கே.கே. நகரில் என் வீடு தேடி வந்தார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில், கார் திருட்டை விசாரிக்கும் பிரிவில் நான் இருபத்தாறு வருஷம் இருந்தேன். "உங்க காலத்து இன்ட்ரஸ்டிங்கான கேஸ் ஏதாவது எழுதுங்க சார்" என்றார்கள். இப்போது வரும் கார்களுக்குச் சாவியே கிடையாதாம். போனைக் காட்டினால் கதவு திறக்கிறதாம். இனிமேல் "ரெண்டு சாவியையும் கொண்டு வா" என்று யாரையும் அலைக்கழிக்க வேண்டியதில்லை என்று அதில் ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார். நான் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் இழுத்தடித்தேன். இன்ட்ரஸ்டிங்கான கேஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதை வைத்துத்தான் ஆபீஸில் பேர் வாங்கினேன். யாரிடமும் சொல்லாத கேஸும் ஒன்று இருக்கிறது. முதலாவதை மட்டும் எழுதிக் கொடுத்தால் மலரில் போடுவார்கள், கைதட்டுவார்கள். ஆனால் முதலாவது இல்லாமல் இரண்டாவது நடந்திருக்காது. அதனால் இரண்டையும் எழுதுகிறேன், போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒன்று. கார் களவு போய்விட்டது என்று ஒருவர் வந்தால், போலீஸ் புகார், ஆர்.சி. புத்தகம் இவற்றோடு காரின் இரண்டு சாவிகளையும் கேட்போம். கார் வாங்கும்போது இரண்டு சாவி கொடுக்கிறார்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், இன்னொன்றை யாரிடமோ கொடுத்துக் காரை ஓட்டிப்போகச் சொல்லிவிட்டு இங்கே வந்து அழுகிறாரோ என்று கம்பெனி சந்தேகப்படும். வாங்கிய சாவிகளைப் பழுப்பு உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் அவரும் நானும் கையெழுத்துப் போடுவோம். பாண்டி பஜாருக்குப் பின்னால் பூட்டுக்கடை வைத்திருந்த ஒருவர் உறையைப் பிரித்து, கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு பல்லைப் பார்ப்பார். தினம் ஓட்டிய சாவியின் பல் மழுங்கியிருக்கும். நகல் எடுத்திருந்தால் ஓரத்தில் மெல்லிய கோடு விழுந்திருக்கும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று, அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

வேலையைக் கற்றது இன்னொருவரிடம். எங்கள் பிரிவு மேலாளர் வசந்தா மேடம். தி. நகர் ஆபீஸின் இரண்டாவது மாடியில், ஏ.சி. காற்று நேராக அடிக்கிற இடத்தில் மேஜை. செருப்பைக் கழற்றி மேஜைக்கடியில் விட்டுவிட்டு, என் அறிக்கையை விரித்து வைத்து, ஒவ்வொரு வரிக்கடியிலும் மர ஸ்கேலை வைத்துக்கொண்டு படிப்பார். எதிரில் நான் நிற்கிறேன் என்பதே அவருக்கு நினைவிருக்காது. சந்தேகமான சொல் வந்தால் அதன் தலையில் பென்சிலால் ஒரு புள்ளி. திட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். புள்ளி விழுந்த பக்கத்தை நான் திரும்ப முழுக்க அடித்துக் கொண்டுவர வேண்டும்.

ஒருமுறை "வசதியில்லாத குடும்பம்" என்று எழுதியிருந்தேன். 'வசதி' என்ற மூன்று எழுத்துக்கும் மேல் மூன்று புள்ளி.

"எத்தனை ரூம் மூர்த்தி?"

"ஒண்ணுதான் மேடம்."

"எத்தனை பேர்?"

"ஆறு பேர்."

"அதை எழுதுங்க. வசதி உண்டா இல்லையான்னு படிக்கிறவங்க பார்த்துப்பாங்க."

இப்படி இருபது வருஷம் என் அறிக்கைகளிலிருந்து பாவம், நல்லவர், தெரிகிறது, போலும் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தார். திருப்தியாக இருந்தால் பாராட்ட மாட்டார், ஸ்கேலை நிமிர்த்திப் பேனா ஸ்டாண்டில் செருகிவிடுவார். அந்த ஸ்கேல் ஸ்டாண்டுக்குப் போவதைப் பார்க்க நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒன்று கவனித்தேன். கார் வைத்திருப்பவர் வேறு, கார்ப் பைத்தியம் வேறு. கார் வைத்திருப்பவரிடம் கார் மட்டும் இருக்கும். பைத்தியத்திடம் காரைத் தவிர ஒரு வீடு நிறையச் சாமான் இருக்கும். தி. நகரில் ஒரு பல் டாக்டர், கண்ணாடியில் ஒட்டுகிற பழைய வட்ட வரிச்சீட்டுகளை நாற்பது வருஷமாகச் சேர்த்து ஆல்பம் போட்டு வைத்திருந்தார். மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் ஒரு பெரியவரிடம் பொம்மைக் கார்கள் நானூறோ ஐந்நூறோ, எல்லாம் கண்ணாடி அலமாரியில், பிறந்த அட்டைப்பெட்டி கூடவே. அவர் மனைவி என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னார்: "ஆத்துல அலமாரி எல்லாம் இவரோட காருக்குத்தான். என் புடவையெல்லாம் டிரங்குப் பொட்டியில கெடக்கு. பெரிய காரை எவனோ தூக்கிண்டு போனானே, இதையும் சேத்துத் தூக்கிண்டு போயிருக்கப்படாதோ?"

இந்த மாதிரி வீடுகளில் நேராகக் கேள்வி கேட்டால் பதில் வராது. முதலில் அலமாரியைப் பார்க்க வேண்டும். இது எந்த வருஷத்து விளம்பரத் தாள், இந்த ஹார்ன் பித்தளையா என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும், மனுஷன் உருகிவிடுவான். எனக்குக் கார் ஓட்டவே தெரியாது, ஆனால் உருக வைக்கத் தெரியும்.

இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் பழைய கார்களைக் கொண்டுவந்து நிறுத்தி டீ குடிக்கிற கூட்டம் ஒன்று இருந்தது. அதில் யார் காரை விற்றாலும், ஒரு சின்னச் சாமானைக் கழற்றி வைத்துக்கொள்வார்கள். ஒருவர் கியர் கம்பியின் தலை, ஒருவர் முன்மூக்கில் இருக்கும் கம்பெனி முத்திரை, ஒருவர் சாம்பல் கிண்ணம். வாங்குகிறவரிடம் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று மாட்டிக் கொடுத்துவிடுவார்கள், அல்லது "அது தொலைஞ்சு போச்சு" என்பார்கள். கேட்டால் சிரிப்பார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அவள் பாவாடை ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வதில்லையா, அந்த மாதிரி என்றார் ஒருவர்.

எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கேஸ் இதிலிருந்துதான் வந்தது. அடையாறில் ஒரு கட்டட காண்டிராக்டர், அறுபது வருஷத்துக் கார் ஒன்று ஷெட்டிலிருந்தே களவு போய்விட்டது என்று வந்தார். புகார், ஆர்.சி., இரண்டு சாவி, எல்லாம் கச்சிதம். பூட்டுக்காரரும் குறை சொல்லவில்லை. கடைசியாக ஒருமுறை வீட்டுக்குப் போனேன். மாடியில் கண்ணாடி அலமாரி. அவர் அதுவரை விற்ற கார்களின் கியர்த் தலைகள் வரிசையாக, கீழே சின்ன எழுத்தில் வருஷமும் நிறமும். ஒன்பதாவதாக, யானைத் தந்த நிறத்தில் ஒரு கியர்த் தலை. களவு போன காரின் படங்கள் என் ஃபைலில் இருந்தன. அதே தலை, அதே கீறல். களவு கொடுத்தவருக்கு அதைக் கழற்றி வைக்க எங்கே நேரம்? விற்றவருக்குத்தான் நேரம் இருக்கும். "இது அழகா இருக்கே, எந்த வண்டியோடது?" என்று மட்டும் கேட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோயம்புத்தூரில் ஒருவருக்குக் காகிதம் இல்லாமல் விற்றிருந்தார். மறுநாள் கிளெய்மை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

வசந்தா மேடம் அந்த அறிக்கையில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. தலைமை ஆபீஸில் அதைப் பயிற்சி வகுப்பில் படித்துக் காட்டினார்களாம். அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது, இதை மறைக்கப் போவதில்லை.

கஜேந்திரன் வந்தது அதற்கு நாலைந்து வருஷம் கழித்து, நான் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது. கஜா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து வளர்ந்தவர். கரையைக் காலி செய்தபோது பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். செகண்ட் ஹேண்டில் ஒரு டீசல் கார் வாங்கி, மஞ்சள் போர்டு மாற்றி, டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார், எல்லோருக்கும் அந்தக் கார்தான் சோறு. நொச்சிக்குப்பத்தில் அக்காள் பேரக்குழந்தைக்குக் காதுகுத்து. ரோட்டோரத்தில் காரை நிறுத்திவிட்டு, பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கார் நின்ற இடத்தில் மீன்கூடை இருந்ததாம்.

மேஜை மேல் ஒரு சாவியை வைத்தார்.

"இன்னொண்ணு?"

"ஒண்ணுதான் சார் கீது. வாங்கும்போதே ஒண்ணுதான் குட்த்தாரு."

"கேக்கலையா நீங்க?"

"கேட்டேன் சார். இன்னொண்ணு எங்கியோ மிஸ்ஸாயிடுச்சுன்னாரு. வாத்தியாரு சார் அவரு, சாந்தோம்ல கீறாரு. அவராண்ட போயி சந்தேகப்பட முடியுமா?"

இதே வார்த்தைகளை எத்தனையோ திருட்டுப் பயல்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இவர் அதைச் சொல்லிவிட்டு, "அந்த சாவிய நீங்க வெச்சிக்கினீங்கன்னா, வண்டி கெடச்சா நான் எப்டி சார் ஓட்டிகினு வர்றது?" என்று கேட்டார். கார் திரும்பக் கிடைக்கும் என்று நம்புகிறவர் பொய் சொல்ல வரவில்லை என்று எனக்குப் பட்டது. அறிக்கையில் எழுதினால் மேடம் புள்ளி வைப்பார், அவ்வளவுதான்.

சாந்தோம் போனேன். லாரன்ஸ் சார், பாலிடெக்னிக்கில் டிராயிங் வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். மாதா கோயிலுக்குப் பின்னால் சந்தில், அவர் தாத்தா காலத்து வீடு. மனைவி ரீட்டா டீச்சர். பணக்காரர் இல்லை. ஒரு பழைய காரை வாங்குவார், ஒன்றரை வருஷம் தானே கையால் சரி செய்வார், கொஞ்ச நாள் ஓட்டுவார், விற்றுவிட்டு அடுத்ததை வாங்குவார். அதற்குமேல் அவர் சம்பளத்துக்கு முடியவில்லை.

"ரெண்டு சாவியும் குடுத்துட்டேனே" என்றார் முதலில். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் வழக்கம்போல் பேச்சை மாற்றினேன். பெசன்ட் நகர் கூட்டம், பழைய நண்பர்கள். மெதுவாகக் கேட்டேன்: "எல்லாரும் ஒண்ணு எடுத்து வைப்பாங்களே சார், நீங்க என்ன எடுத்து வெச்சீங்க?"

உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்த ரீட்டா டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"காட்டுங்களேன். எத்தனை நாள் மூடி வெப்பீங்க?"

புத்தக அலமாரிக்குப் பின்னால், அவரே இழைத்துச் செய்த ஒரு பலகை. பதினாலு ஆணி. பதினாலு சாவி. ஒவ்வொன்றின் கீழேயும் டிராயிங் வாத்தியார் எழுத்தில் காரின் நிறம், வந்த நாள், போன நாள். கடைசி ஆணியில் கஜாவின் காருடைய சாவி. பல் புத்தம் புதிதாக இருந்தது, ஒருநாள்கூட வண்டியைக் கிளப்பாத சாவி.

"திருடணும்னு இல்லை சார்" என்றார். "வண்டி யார்கிட்டயோ ஓடிட்டிருக்கும், அதோட சாவி இங்க இருக்கும். அவ்வளவுதான். அதுக்கு மேல நான் யோசிக்கவே இல்லை." அழுதுவிடுவார் போலிருந்தது. பதினாலு பேரிடம் தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லியிருக்கிறார். களவு போன காருக்கு ஒரு சாவி இவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. போலீஸ் வந்தால் என்ன கேட்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் கஜாவை சாந்தோமுக்கு வரச் சொன்னேன். மூன்று பேரும் அந்த முன்கூடத்தில் உட்கார்ந்தோம். கஜா பலகையைப் பார்த்தார், லாரன்ஸ் சாரைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். "இன்னா சார் நீங்க, கேட்டிருந்தா நானே குட்த்திருப்பேனே" என்று மட்டும் சொன்னார்.

லாரன்ஸ் சார் சாவியைக் கழற்றி அவர் கையில் வைத்தார். பிறகு என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இதை அவரே வெச்சிருந்தாருன்னு, வீட்டுல பீரோவில கெடந்ததுன்னு சொல்லிட்டா முடிஞ்சிடாதா சார்?"

முடிந்துவிடும். எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்று மழுங்கியது, ஒன்று புதிது, எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். பூட்டுக்காரர் இரண்டு நிமிஷத்தில் சரி என்பார். ஒரு மாதத்தில் கஜாவுக்கு வேறு வண்டி.

நான் சொன்னேன்: "வேணாம் சார். நடந்ததை நடந்தபடி எழுதுவோம். உண்மையை எழுதினா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நான் பாத்துக்கறேன்." இருவரும் என்னை நம்பினார்கள். நம்பி, தனித்தனியாக வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ரீட்டா டீச்சர் எனக்குக் கேக் கொடுத்தார்.

அறிக்கையை வசந்தா மேடம் ஸ்கேலை வைத்துப் படித்தார். மூன்றாவது பக்கத்தில், பலகையும் ஆணியும் வருகிற இடத்தில், ஸ்கேல் நின்றுவிட்டது. வெகுநேரம் நகரவில்லை. பிறகு, இருபது வருஷத்தில் இல்லாத வழக்கமாக, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"சாவி ரெண்டும் வந்துடுச்சா மூர்த்தி?"

"வந்துடுச்சு மேடம்."

"அது எங்க தொங்கிச்சுன்னு யாராவது நம்மளைக் கேட்டாங்களா?"

எனக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். புரிந்தது. வாக்குமூலங்கள் இன்னும் ஃபைலில் ஏறவில்லை, என் பையில்தான் இருந்தன. கேட்டதற்கு மட்டும் பதில் எழுது என்கிறார். என் அறிக்கைகளிலிருந்து எத்தனையோ சொற்களை எடுத்தவர், இப்போது ஒரு பக்கத்தை எடுக்கச் சொல்கிறார்.

"நடந்தது அதுதானே மேடம். இருக்கட்டும்" என்றேன்.

அன்றைக்கு அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுகூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன். இப்போது சொல்கிறேன், அது நேர்மை இல்லை. அலமாரியைப் பார்த்துக் கண்டுபிடித்தேன் என்று இரண்டாவது தடவையும் எழுதுகிற வாய்ப்பை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. பதினாலு ஆணி, வாத்தியார் எழுத்து, ஒருநாளும் வண்டியைக் கிளப்பாத பல். அந்தப் பக்கத்தை நான் நாலு தடவை திருத்தி எழுதியிருந்தேன். தலைமை ஆபீஸில் அதையும் வகுப்பில் படிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

மேடம் கையெழுத்துப் போட்டார். ஸ்கேலை மேஜை மேலேயே வைத்துவிட்டார்.

தலைமை ஆபீஸ் படித்தது. என் பக்கத்தைத்தான் படித்தது. காரை வாங்கும்போதே இன்னொரு சாவி வெளியே இருக்கலாம் என்று காப்பீடு செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது, இருந்தும் பூட்டை மாற்றவில்லை, சாவி வேறொருவர் வசம் இருந்திருக்கிறது, ஆகவே வண்டியைப் பாதுகாக்க உரிய கவனம் எடுக்கவில்லை, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. என் வரிகளையே எடுத்து, எண் போட்டு, அடுக்கியிருந்தார்கள். கூடவே இன்னொரு பிரதி போலீசுக்குப் போனது. லாரன்ஸ் சாரை இரண்டு தடவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். எழுபது வயது மனிதர். மாதா கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவையிலிருந்து அவரே விலகிக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது.

"கடிதத்தைக் கொடுத்துடுங்க. நம்ம வேலை அதோட முடிஞ்சுது" என்றார் மேடம்.

கஜா ஆபீசுக்கு வந்து வாங்கிக்கொண்டார். இங்கிலீஷில் இருந்தது, நான் படித்துச் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லச் சொன்னார், சொன்னேன்.

"உண்மைய எழுதுனா ஒண்ணும் ஆவாதுன்னீங்களே சார்."

"மேல எடுத்த முடிவு கஜா. என் கையில இல்லை."

"சரி. இப்ப நான் இன்னா சார் பண்ணணும்?"

இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியும். எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனால் இந்த மாதிரி சாவி கேஸ்களில் முழுசாக இல்லாவிட்டாலும் பாதிக்குமேல் கொடுக்கச் சொல்லி உத்தரவு வரும். பல தடவை வந்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கம்பெனிச் சம்பளம் வாங்குகிறவன், கம்பெனி மேல் கேஸ் போடு என்று சொல்வது எங்கள் ஆபீஸில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். பென்ஷன் பேப்பர்கள் நகரத் தொடங்கியிருந்த நேரம் வேறு.

"மேனேஜருக்கு ஒரு மனு எழுதிப் பாருங்க" என்றேன். அந்த மனு எந்த அலமாரிக்குப் போகும் என்பதும் எனக்குத் தெரியும். அவர் தலையை ஆட்டிவிட்டு, கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் லஸ் பக்கம் மருந்துக்கடையில் ரீட்டா டீச்சரைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று பயந்தேன், அவராகவே நின்று பேசினார். லாரன்ஸ் சார் அந்தப் பலகையைக் காலி செய்துவிட்டாராம். மீதிப் பதிமூன்று கார்களையும் வாங்கியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போயிருக்கிறார். தாம்பரம், ஆவடி, ஒருவரைத் தேடி வேலூர் வரைக்கும். வாசலில் நின்று, நான் பொய் சொன்னேன், இந்தாங்க உங்க சாவி என்று கொடுத்துவிட்டு வருவாராம். சில பேர் கார் எப்போதோ உடைத்து விற்றாயிற்று என்று சிரித்தார்களாம். ஒருவர் திட்டி அனுப்பினாராம். "இந்த முட்டியோட அலையாதீங்கன்னேன், கேக்கலை" என்றார். நான் மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் நான் கஜாவைத் தேடிப் போகவில்லை. ஒன்றரை வருஷம் ஓடிற்று. போன மாதம் அந்த இரண்டு பேர் வந்து, இனி சாவியே கிடையாது என்று சிரித்துவிட்டுப் போன பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பழைய நம்பருக்குப் போன் செய்தேன். அதே நம்பர்தான். பெருங்குடியில் ஒரு ஐ.டி. கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறாராம், மதியம் மூணு மணிக்கு வந்தால் பார்க்கலாம் என்றார்.

ரோட்டோர டீக்கடையில் நின்றோம். கொஞ்சம் நரைத்திருந்தார். டீ அவர்தான் சொன்னார்.

"எப்படி இருக்கீங்க கஜா?"

"கீறேன் சார். வண்டி நம்ளது இல்ல, ஓனரோடது. ஓட்டிகினு கீறேன். இந்த வேலையே வாத்தியாரு வாங்கிக் குட்த்ததுதான். அவராண்ட படிச்ச ஒர்த்தர் இங்க பெரிய ஆளா கீறாரு."

"லாரன்ஸ் சாரா?"

"ஆமா சார். நீங்க லெட்டர் குட்த்த அடுத்த வாரமே வூட்டுக்கு வந்தாரு. எட்டாவது மாடி, அன்னிக்கினு பாத்து லிப்ட்டு வேலை செய்யல. ஏறி வந்து மூச்சு வாங்கிகினு குந்திகினாரு. என் பொண்டாட்டி தண்ணி குட்த்தா. மன்னிச்சுக்கப்பான்னாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்பால அடிக்கடி வருவாரு."

நான் டீயைக் குடித்தேன்.

"போன வருசம் என்னிய ஒரு வக்கீலாண்ட இட்டுகினு போனாரு சார். அந்த லெட்டர காட்னோம். அவரு படிச்சுப் பாத்துட்டு, இன்னாய்யா, ரெண்டு வருசத்துக்குள்ள கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு வந்திருந்தா ஜெயிச்சிருப்பியே, இப்ப டைம் தாண்டிப் போச்சேன்னாரு. நாலு மாசம் சார். நாலே மாசம் தாண்டிப் போச்சாம்."

எதிரில் வேன்கள் வரிசையாக நின்றன. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பிள்ளைகள் கேட்டிலிருந்து வெளியே வரத் தொடங்கியிருந்தார்கள்.

"ஒண்ணு கேக்கணும் சார். கேக்கலாம்ல?"

"கேளுங்க."

"அந்த கோர்ட்டு விசயம், லெட்டர் குட்த்தீங்களே, அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

இருபத்தாறு வருஷம் நான் மற்றவர்களிடம் கேள்வி கேட்டிருக்கிறேன். பொய் சொல்லப் போகிறவன் முதலில் கையில் இருப்பதைப் பார்ப்பான் என்பது எனக்குப் பாடம். நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாது என்று சொல்லியிருந்தால் கஜா நம்பியிருப்பார், போன தடவை நம்பினது போலவே.

"தெரியும்" என்றேன்.

அவர் மீதி டீயைக் குடித்து முடித்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"வாத்தியாருக்குத் தெரியாது, அவரு எட்டு மாடி ஏறி வந்தாரு" என்றார். "உங்களுக்குத் தெரியும். ஒரு போனு பண்ணியிருக்கலாம் சார்."

கிளாஸை மேடை மேல் வைத்துவிட்டு, டைம் ஆகிவிட்டது என்று சொல்லி ரோட்டைத் தாண்டினார். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்ததும் தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தி, வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.